மேடையில் திறக்காத பென் டிரைவ்

உலகின் பெரும்பாலான நடன கிளப்களில் டிஜே மேசையில் உட்கார்ந்திருப்பவை ஜப்பானின் பயனியர் டிஜே பெயர் தாங்கிய சிடிஜே பிளேயர்கள்தான். இரண்டோ நான்கோ இருக்கும், நடுவில் ஒரு மிக்ஸர். தன் முறை வந்ததும் டிஜே பென் டிரைவைச் செருகுவார். திரையில் அவருடைய பாடல் பட்டியல் விரிய வேண்டும். சில இரவுகளில் விரிவதில்லை. பென் டிரைவ் புத்தம் புதிது, 128 ஜிபி, மாலையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது எல்லாப் பாட்டும் ஓடியது. இப்போதும் பாடல்கள் உள்ளேதான் இருக்கின்றன. பிளேயருக்குத்தான் அவற்றைப் படிக்கத் தெரியவில்லை.

லட்சங்களில் விலை சொல்லும் கருவியை ஆயிரம் ரூபாய் கூடப் பெறாத ஒரு துண்டு இப்படி ஊமையாக்கிவிடும். காரணம் பென் டிரைவின் தரமோ விலையோ அல்ல, அது எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான். டிஜே தொழிலில் புதிதாக நுழைபவர்கள் ஹெட்போனுக்குக் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை.

பாடல்களைத் தூக்கிச் செல்வது ஒரு காலத்தில் உடலுழைப்பு. இசைத்தட்டுக் காலத்தில் ஓர் இரவுக்குத் தேவையான பன்னிரண்டு அங்குலத் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கினால் பத்துப் பதினைந்து கிலோ தேறும். 2001இல் பயனியர் சிடிஜே-1000 வந்ததும் தட்டுப்பெட்டியின் இடத்தை சிடி உறைகள் பிடித்தன. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுவதுபோல சிடியையும் கையாள முடிந்த கருவி என்பதால் கிளப்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2007இல் வந்த சிடிஜே-400 யுஎஸ்பி வழியாகவும் பாடியது. 2009இல் வந்த சிடிஜே-2000 தான் ஆட்டத்தை மாற்றியது. அதோடு ரெக்கார்ட்பாக்ஸ் என்ற மென்பொருளும் வந்தது. வீட்டுக் கணினியில் பாடல்களை ஒழுங்குபடுத்தி, பென் டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

பென் டிரைவுக்கு அப்போது ஒன்பது வயதுதான். சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் 2000 நிறுவனம் தம்ப்டிரைவை அறிமுகப்படுத்தியது 2000ஆம் ஆண்டில். அதே ஆண்டின் இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்த டிஸ்க்ஆன்கீயை ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 8 எம்பி. இன்றைய டிஜே பயன்படுத்தும் தரத்தில் ஒரு முழு நடனப் பாட்டுகூட அதில் அடங்காது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எத்தனை ஜிபி வாங்குவது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. டிஜேக்கள் எம்பி3 பாட்டு வாங்கினால் 320 கேபிபிஎஸ் தரத்தில் வாங்குவார்கள். நொடிக்கு 40 கிலோபைட், நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. அதே பாட்டு சுருக்கப்படாத வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப் வடிவில் இருந்தால் 53 எம்பி. ஆக, 32 ஜிபி பென் டிரைவில் எம்பி3 என்றால் சுமார் 2,600 பாட்டு, வேவ் என்றால் சுமார் 600 பாட்டு. ஆறு மணி நேரம் இடைவிடாமல் வாசித்தாலும் ஒரு டிஜேக்கு நூறு, நூற்றைம்பது பாட்டுக்கு மேல் செலவாகாது. இந்தக் கணக்கு தெரிந்தால் 512 ஜிபி மீதான மோகம் பாதி குறைந்துவிடும்.

ஆனாலும் கடையில் சின்ன கொள்ளளவைப் பார்ப்பதே அரிதாகி வருகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டாலும் முதலில் மேசைக்கு வருவது 64 அல்லது 128 ஜிபிதான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

பென் டிரைவுக்குள் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. அது தெரியாத மொழியில் அச்சாகியிருந்தால் உள்ளே எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் கணினிகளின் உள் வட்டு என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்படுகிறது, இன்றைய மேக் கணினிகளுடையது ஏபிஎஃப்எஸ் முறையில். இந்த இரண்டையும் சிடிஜே பிளேயர்கள் படிப்பதில்லை. அவை எல்லாமே படிப்பது ஃபேட்32. 1996இல், விண்டோஸ் 95இன் ஒரு திருத்தப் பதிப்போடு வந்த பழைய முறை அது. மேக்கின் முந்தைய முறையான எச்எஃப்எஸ் பிளஸையும் அவை படிக்கும். ஆனால் அப்படி ஃபார்மட் செய்த பென் டிரைவை விண்டோஸ் கணினி தனி மென்பொருள் இல்லாமல் திறக்காது. அவசரத்துக்கு நண்பரின் லேப்டாப்பில் செருக வேண்டியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இடையில் எக்ஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கிறது. 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பெரிய ஃபைல், பெரிய கொள்ளளவு எல்லாவற்றையும் தாங்கும், விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென் டிரைவ்கள் பொதுவாகத் தொழிற்சாலையிலிருந்தே எக்ஸ்ஃபேட்டாகத்தான் வருகின்றன. 2020இல் வெளிவந்த சிடிஜே-3000 அதையும் படிக்கும். ஆனால் 2016இல் வந்த சிடிஜே-2000 நெக்சஸ் 2 படிக்காது, அதற்கு முந்தைய மாடல்களும் படிக்காது. இந்த பிளேயர்கள் எளிதில் சாவதில்லை. பட்டன் தேய்ந்தால் மாற்றி, சக்கரம் இறுகினால் பிரித்துத் துடைத்து, பத்து வருடம் தாண்டியும் கிளப்கள் அவற்றை ஓட்டுகின்றன. வாடகைக்கு விடுபவர்களிடமும் பழைய மாடல்களே மிகுதி.

எனவே டிஜே எந்த மாடலை வீட்டில் வைத்துப் பழகுகிறார் என்பது இங்கே பொருட்டே அல்ல. இன்றிரவு மேடையில் இருக்கப்போகும் கருவிக்கு வயது என்ன என்பதுதான் கேள்வி. அது தெரியாதவரை ஃபேட்32தான் விடை.

இந்தக் கட்டாயம் டிஜேக்களுக்கு மட்டும் உரியதல்ல. காரிலும் மினி பஸ்ஸிலும் பாட்டுப் போடும் பழைய பிளேயர்கள் பலவும் ஃபேட்32 ஒன்றையே அறியும். 8 ஜிபி பென் டிரைவில் இளையராஜாவை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டும் டிரைவர், 128 ஜிபி வாங்கிப் போட்டதும் பிளேயர் மௌனமாகிவிட்டது என்று புலம்பினால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஃபேட்32 ஆக மாற்றிக்கொள்வதில் என்ன கஷ்டம்? விண்டோஸில் பென் டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மட், பட்டியலில் ஃபேட்32, முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 32 ஜிபி வரை அது சரி. 64 ஜிபியைச் செருகினால் அந்தப் பட்டியலில் ஃபேட்32 என்ற பெயரே இருக்காது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டு மட்டும் இருக்கும். பெரிய பென் டிரைவுக்கு ஃபேட்32 ஒத்துவராது போலிருக்கிறது என்று பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் ஃபேட்32 இரண்டு டிபி வரை தாங்கும்.

பிறகு ஏன் 32 ஜிபியில் வேலி? அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர் 2024இல் அதைச் சொன்னார். 1990களின் நடுவில், விண்டோஸ் 95இன் முகப்பை விண்டோஸ் என்டிக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஃபார்மட் செய்வதற்கான அந்தச் சின்னப் பெட்டியை ஒரு வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதியவர் அவர். நல்ல வடிவமைப்பு பிறகு வரும், அதுவரை தாங்கட்டும் என்ற எண்ணத்தில் போட்ட தற்காலிக ஏற்பாடு. எவ்வளவு பெரிய வட்டு வரை ஃபேட் முறையில் ஃபார்மட் செய்ய விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது, 32 ஜிபி என்று அவரே வைத்தார். நல்ல வடிவமைப்பு வரவே இல்லை. தற்காலிகப் பெட்டி முப்பது வருடமாக அப்படியே இருக்கிறது.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஃபேட்32 இடத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். வட்டு பெரிதாக ஆக அந்தத் துண்டும் பெரிதாகும். 32 கேபி துண்டில் ஒரு கேபி கடிதத்தை வைத்தால் மீதி 31 கேபி வீண். கடிதங்களும் சிறு குறிப்புகளும் நிறைந்த அலுவலகக் கணினிக்கு அது பெரிய நஷ்டம். 12 எம்பி பாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இசைக்காரர்களைத் துளியும் பாதிக்காத ஒரு காரணத்துக்காக அவர்கள் இன்றும் சுற்று வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பு ஒன்றில் இந்த எல்லையை இரண்டு டிபிக்கு உயர்த்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதுவும் கட்டளை வரியில் தட்டச்சு செய்தால் மட்டும்தான்.

சுற்று வழி கடினமானதல்ல. ரூஃபஸ், ஜியுஐஃபார்மட் போன்ற இலவச மென்பொருள்கள் 64, 128, 256 ஜிபி எதையும் சில நொடிகளில் ஃபேட்32 ஆக்கிவிடும். ரூஃபஸில் கவனிக்க வேண்டியது மூன்று இடம். பூட் செலக்‌ஷன் என்ற இடத்தில் பூட் தேவையில்லை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பார்ட்டிஷன் முறை எம்பிஆர், ஃபைல் சிஸ்டம் ஃபேட்32. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைப் பரிந்துரைக்கும் வீடியோக்களும் நிறைய இருக்கின்றன. அதில் வட்டின் எண்ணை மட்டும்தான் கேட்கும், பெயரைக் கேட்காது. எண்ணை மாற்றித் தட்டினால் பென் டிரைவுக்குப் பதில் கணினியோடு இணைந்த வேறொரு வட்டு காலியாகிவிடலாம். பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருக்கலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 32 ஜிபி வேலி கிடையாது. அவர்களுக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்தால் இடப்பக்கம் பென் டிரைவின் பெயர் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து, எரேஸ் அழுத்தி, எம்எஸ்-டாஸ் ஃபேட் என்று கொடுத்தால் வேலை முடிந்ததாகத்தான் தோன்றும். ஆனால் ஃபைல் சிஸ்டத்துக்கும் அடியில் பார்ட்டிஷன் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வட்டில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அதுதான். பென் டிரைவில் முன்பு ஜியுஐடி முறை இருந்திருந்தால் மேலே என்ன ஃபேட்32 போட்டாலும் அடியில் ஜியுஐடி அப்படியே நிற்கும், பல பிளேயர்கள் அதைக் கண்டு விழிக்கும். வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் என்பதை அழுத்தினால், பெயருக்கு மேலே பென் டிரைவின் நிறுவனப் பெயரோடு இன்னொரு வரி தோன்றும். அந்த மேல் வரியைத் தேர்ந்தெடுத்து எரேஸ் அழுத்தினால்தான் ஸ்கீம் என்ற மூன்றாவது கட்டம் வரும். அதில் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், அதாவது எம்பிஆர் என்று கொடுக்க வேண்டும். மேக்கிலிருந்து வரும் பென் டிரைவ் மேடையில் திறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இந்த மூன்றாவது கட்டம்தான்.

ஃபேட்32க்கு ஒரு குறை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. சினிமா சேமிப்பவர்களுக்கு அது தொல்லை. வேவ் வடிவில் 4 ஜிபி என்றால் ஆறே முக்கால் மணி நேரப் பாட்டு. அவ்வளவு நீளப் பாட்டை எந்த டிஜேயும் போடப் போவதில்லை. முழு இரவையும் ஒரே ஃபைலாகப் பதிவு செய்ய நினைப்பவர் மட்டும் கவலைப்படலாம்.

உண்மையான குறை வேறு. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஃபேட்32 தாங்காது. பிளேயர் வெறுமனே படிக்கத்தானே செய்கிறது என்று தோன்றும். அப்படியில்லை. எந்தப் பாட்டை எப்போது போட்டார் என்ற வரலாற்றையும், மேடையிலேயே பாட்டில் குறித்துக்கொண்ட இடங்களான கியூ பாயின்ட்களையும் சிடிஜே பென் டிரைவிலேயே எழுதுகிறது. அந்த நேரத்தில் இழுத்தால் பொருளடக்கமே குலையலாம், அடுத்த முறை செருகும்போது பாடல்கள் இருக்கும், பட்டியல் இருக்காது. யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் யுஎஸ்பி ஸ்டாப் என்ற பட்டன் இருப்பது இதற்காகத்தான். அதை விரலால் அழுத்திப் பிடித்து, விளக்கு அணைந்த பிறகே பென் டிரைவை எடுக்க வேண்டும். அடுத்த டிஜே தோளுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தும் நேரத்தில் அந்த இரண்டு நொடி நீளமாகத்தான் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பென் டிரைவை யாராவது தவறிப் பிடுங்கிவிட்டால்? சிடிஜே-2000 நெக்சஸ் முதலான பிளேயர்கள் தம் நினைவில் ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும் பகுதியிலிருந்து நான்கு பீட்டை மட்டும் பிடித்துத் திரும்பத் திரும்பச் சுழற்றும். எமர்ஜென்சி லூப் என்பார்கள். ஆடுபவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியாது. டிஜேயின் முகத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

நான்கு பிளேயர்களை லேன் கேபிளால் இணைத்துவிட்டால் ஒன்றில் செருகிய பென் டிரைவை மற்ற எல்லாவற்றிலிருந்தும் திறக்கலாம். வசதிதான், ஆனால் அந்த ஒன்று போனால் நான்கும் போகும். அனுபவமுள்ளவர்கள் ஒரே உள்ளடக்கத்தோடு இரண்டு பென் டிரைவ் வைத்திருப்பதற்குக் காரணம் இது. ஒன்று கருவியில், இன்னொன்று பையில். இரண்டையும் ஒரே சாவிக்கொத்தில் கோத்துத் தொங்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். சாவிக்கொத்து தொலைந்தால் இரண்டும் தொலையும் என்பது அவர்களுக்கு ஏனோ உறைப்பதில்லை.

ஃபார்மட் முடிந்ததும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பாட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பாதி வசதியை இழக்கிறார்கள். அப்படிப் போட்ட பாட்டுகளை ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து வாசிக்க முடியும், எட்டு அடுக்குக்கு மேல் ஆழமாகப் புதைத்துவிட்டால் அதுவும் முடியாது. ரெக்கார்ட்பாக்ஸ் வழியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் முதலில் ஒவ்வொரு பாட்டையும் அலசுகிறது. வேகம் எவ்வளவு, முதல் பீட் எங்கே விழுகிறது, சுருதி என்ன, அலை வடிவம் எப்படி என்று கண்டுபிடிக்கிறது. பிறகு பென் டிரைவில் இரண்டு ஃபோல்டர்களை உருவாக்குகிறது. கன்டென்ட்ஸ் என்பதில் பாட்டுகள் கலைஞர் பெயர்வாரியாகப் போய் உட்காரும். பயனியர் என்ற இன்னொன்றில் அலசலின் முடிவுகளும், எக்ஸ்போர்ட்.பிடிபி என்ற தரவுத்தள ஃபைலும் இருக்கும். பிளேயர் முதலில் தேடுவது அந்தப் பிடிபி ஃபைலைத்தான். பிளேலிஸ்ட், வேகவாரியாக வரிசைப்படுத்தல், சுருதி பொருந்தும் பாட்டுகளைப் பச்சையில் காட்டுவது எல்லாம் அதிலிருந்து வருபவை. கன்டென்ட்ஸுக்குள் புகுந்து கையால் ஃபைல் பெயர்களை மாற்றினால், தரவுத்தளம் பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

பழைய மெஷினை மனதில் வைக்கும் விதி பாட்டின் வடிவத்துக்கும் பொருந்தும். ஃபிளாக் பிரபலமானது, தரம் குறையாமல் சுருக்கும், இடமும் மிச்சம். ஆனால் சிடிஜே வரிசையில் அதை வாசிப்பது நெக்சஸ் 2 தொடங்கித்தான். 2009இன் சிடிஜே-2000க்கு எம்பி3, ஏஏசி, வேவ், ஏஐஎஃப்எஃப் மட்டுமே தெரியும். 96 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளும் அதில் ஓடாது, 44.1 அல்லது 48 தான். தரம் வேண்டுமென்றால் ஏஐஎஃப்எஃப் நல்ல தேர்வு. வேவ் அளவுக்கே தரம், பாட்டின் பெயரும் அட்டைப் படமும் அதனோடு ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும். வேவ் ஃபைல்களில் இன்னொரு விஷமம் உண்டு. சில மென்பொருள்கள் வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் இது விரிவாக்கப்பட்ட வகை என்று ஒரு குறி வைத்துவிடும். உள்ளே இருப்பது சாதாரண 16 பிட் ஒலிதான், ஆனால் அந்தக் குறியைப் பார்த்ததும் பல பிளேயர்கள் இ-8305 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கணினியில் ஏஐஎஃப்எஃப் ஆக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இனி வாங்கும் கதை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கப்படும் வேகம் மேடையில் ஏறக்குறைய பயனற்றது. வேவ் பாட்டு வாசிக்க நொடிக்கு 176 கேபி போதும். நான்கு பிளேயர்களும் ஒரே பென் டிரைவிலிருந்து எடுத்தாலும் ஒரு எம்பியைத் தொடாது. சிடிஜே-2000 வரிசையின் யுஎஸ்பி வாய்களே பழைய 2.0 வகைதான். வேகம் வீட்டில்தான் உதவும். 20 ஜிபி பாட்டை நொடிக்கு 5 எம்பி எழுதும் மலிவு பென் டிரைவில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நொடிக்கு 100 எம்பி எழுதுவதில் மூன்றரை நிமிடத்துக்குள் முடியும். பெட்டிகளில் பெரும்பாலும் படிக்கும் வேகத்தைத்தான் விளம்பரப்படுத்துகிறார்கள், எழுதும் வேகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தைவிட உடம்பைப் பார்ப்பது நல்லது. மணிக்கணக்கில் செருகியிருக்கும்போது பென் டிரைவ் சூடாகும். சாம்சங்கின் பார் பிளஸ் போன்ற உலோக உடல் கொண்டவை சூட்டை வெளியே கடத்திவிடும், மேடை இருட்டில் தவறி விழுந்தாலும் உடையாது. நகக்கண் அளவுக்குச் சின்னதாக வருபவை லேப்டாப்பில் அழகு. டிஜே மேசையில் வியர்த்த விரலால் அவற்றைப் பிடித்து இழுக்கப் பார்த்தவர்கள் மறுமுறை வாங்குவதில்லை. எஸ்எஸ்டி வட்டுகளைக் கொண்டுவருபவர்களும் உண்டு. யுஎஸ்பி 2.0 வாய் தர வேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். அதற்கு மேல் கேட்கும் வட்டு கணினியில் ஓடும், பழைய பிளேயரில் உயிர் பெறாது. ஹப் வைத்து இரண்டு பென் டிரைவ் செருகும் யோசனையும் செல்லாது, சிடிஜேக்கள் ஹப்பை ஏற்பதில்லை.

போலிகள் தனி உலகம். சில நூறு ரூபாய்க்கு இரண்டு டிபி என்று விற்கப்படுபவற்றில் உண்மையில் இருப்பது 8 அல்லது 16 ஜிபி சிப்பாக இருக்கலாம். கொள்ளளவு எவ்வளவு என்று கணினி கேட்கும்போது பொய் சொல்லும்படி உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் மாற்றி எழுதப்பட்டிருக்கும். முதல் சில ஜிபி ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகு எழுதுவது காற்றில் போகும், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். பெயர்கள் எல்லாம் பட்டியலில் தெரிவதால் வாங்கியவருக்குச் சந்தேகம் வராது, பாட்டைத் தொட்டால்தான் குட்டு வெளிப்படும். இதைப் பிடிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முழுக் கொள்ளளவையும் சோதனைத் தரவால் நிரப்பி, திரும்பப் படித்து, எத்தனை ஜிபி தேறியது, எத்தனை தொலைந்தது என்று சொல்லும். 64 ஜிபி பென் டிரைவ் நொடிக்கு 10 எம்பி எழுதினால் நிரப்ப மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரமாகும். வாங்கிய அன்றிரவே ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். 64 ஜிபி என்று வாங்கியது கணினியில் 59 என்று தெரிந்தால் அது மோசடி அல்ல. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் 1,024ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

நல்ல பென் டிரைவும் நிரந்தரமல்ல. உள்ளே இருப்பது நேண்ட் ஃபிளாஷ், மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் நுண்ணறைகள். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அறைகள் தேயும், வருடக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தால் மின்னேற்றமும் மெல்லக் கசியும். மூலப் பிரதி கணினியிலும் இன்னொரு வட்டிலும் இருக்க வேண்டும், பென் டிரைவ் வெறும் பயணப் பிரதி.

அண்மையில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. பயனியர் டிஜே நிறுவனம் 2020 முதல் ஆல்ஃபாதீட்டா என்ற பெயரில் இயங்குகிறது. 2023இல் வந்த அதன் ஓபஸ்-குவாட் கருவி பழைய பிடிபி தரவுத்தளத்துக்குப் பதிலாக டிவைஸ் லைப்ரரி பிளஸ் என்ற புதிய வகையைத் தேடுகிறது. பழைய சிடிஜேக்கள் புதியதை அறியா. இரண்டு வகைக் கருவிகளிலும் வாசிக்க நேரும் டிஜே, ரெக்கார்ட்பாக்ஸில் மாற்றிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி ஒரே பென் டிரைவில் இரண்டு தரவுத்தளங்களையும் வைத்துக்கொள்ளலாம். பாட்டுகள் இரட்டிப்பதில்லை, பட்டியல் மட்டும்தான் இரண்டாகிறது.

கடைசியாகப் பெயர். ஃபேட்32 பென் டிரைவுக்குப் பதினோரு எழுத்து வரை பெயர் வைக்கலாம், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். ஃபார்மட் செய்யும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்களே அதிகம். ஒரே இரவில் நான்கு டிஜேக்கள் மாறி மாறி வாசிக்கும் மேடையில், இணைக்கப்பட்ட பிளேயர்களின் திரையில் நோ நேம், அன்டைட்டில்ட், மறுபடியும் நோ நேம் என்று வரிசையாக நிற்கும்போது யாருடையது எது என்று தெரியாமல் தவறான பட்டியலைத் திறப்பது சகஜம். தன் மேடைப் பெயரையே அதில் வைத்து, இரண்டாவது பிரதிக்குக் கடைசியில் 2 என்று சேர்த்து, உலோக உடலில் வண்ண டேப்பும் ஒட்டியிருப்பவர், நள்ளிரவு மாற்றத்தில் தன்னுடையதைத் தேட விளக்குப் போடச் சொல்வதில்லை.